ஒரு கையெழுத்தின் விலை

சிறை என்பது குற்றத்துக்கு விதிக்கப்படும் தண்டனை என்றே நாம் எண்ணிப் பழகியிருக்கிறோம். திருடியவன் சிறைக்குச் செல்கிறான். அவன் செய்த குற்றத்துக்கும் அங்கே கழிக்கும் ஆண்டுகளுக்கும் இடையே ஏதோ ஓர் அளவுகோல் இருக்கிறது. ஆண்டுகள் கழிந்ததும் கணக்குத் தீர்கிறது. அவன் உள்ளத்தில் என்ன நினைக்கிறான் என்று எந்தச் சிறை அதிகாரியும் கேட்பதில்லை. ஆனால் வேறொரு வகைச் சிறையும் உலகில் உண்டு. அங்கே கைதி என்ன செய்தான் என்ற கேள்வி விரைவில் மறக்கப்பட்டு விடுகிறது. என்ன நினைக்கிறான் என்ற கேள்வியே நாள்தோறும் எழுப்பப்படுகிறது. ‘இனி அவ்வாறு நினைக்க மாட்டேன், பேச மாட்டேன்’ என்று எழுதிக் கையொப்பமிடும் நாளே அவனுக்கு விடுதலை நாள். படையினர் ஆட்சியைப் பறித்துக்கொண்ட நாடுகளில், மக்களாட்சி கேட்டவர்களுக்காகத் திறந்து வைக்கப்பட்ட சிறைகள் பெரும்பாலும் இந்த இரண்டாம் வகையைச் சேர்ந்தவை.

இங்கே ஒரு விந்தை இருக்கிறது. நாட்டின் துப்பாக்கிகள் அனைத்தும், நீதிமன்றங்கள் அனைத்தும், செய்தித்தாள்கள் அனைத்தும் தன் பிடியில் இருக்க, ஓர் அரசு நான்கு சுவர்களுக்குள் அடைபட்டுக் கிடக்கும் ஒரு முதியவரின் கையெழுத்துக்காக ஏன் ஆண்டுக்கணக்கில் காத்திருக்க வேண்டும்? அதைக் கொடுக்க மறுப்பது அவருடைய கடமையா, வெறும் பிடிவாதமா? வெளியே காற்றும் வெளிச்சமும் நுகர்ந்து கொண்டிருக்கும் நாம் அவருக்குப் பட்டிருக்கும் கடன் யாது? இக்கேள்விகளைப் பர்மா என நம் முன்னோர் அறிந்திருந்த மியான்மர் நாட்டை முன்வைத்துச் சிந்திக்க விழைகிறோம்.

அந்நாடு நமக்கு அயலானதன்று. நம் கடற்கரை ஊர்களின் சபராளிகள் தலைமுறை தலைமுறையாகச் சென்று வந்த மண் அது. ரங்கூனின் வணிகத் தெருக்களில் சோழியா முஸ்லிம்கள் எழுப்பிய பள்ளிவாசல் இன்றும் அதற்குச் சான்று கூறும். 1962 மார்ச் 2ஆம் நாள் தளபதி நே வின் ஆட்சியைக் கைப்பற்றினார். அடுத்த ஆண்டுகளில் வணிகமும் தொழிலும் அரசுடைமையாக்கப்பட்டபோது, சுமார் மூன்று லட்சம் இந்திய வம்சாவளியினர் இருந்ததை விட்டுவிட்டுக் கப்பலேறினர். அவர்களில் தமிழர் பெருந்தொகையினர். சென்னையின் பர்மா பஜாரும், தமிழகத்துப் பல ஊர்களில் உள்ள பர்மா காலனிகளும் அந்த வெளியேற்றத்தின் எச்சங்களே. ஓர் இராணுவ ஆட்சி தன் குடிமக்களை எங்ஙனம் நடத்துகிறது என்பது, ஆகவே, நமக்கு ஏட்டுச் செய்தி மட்டுமன்று.

நாட்டை விட்டுப் போனவர்களின் துயரத்தை நாம் ஓரளவு அறிவோம். போகாமல் நின்று கேள்வி கேட்டவர்களுக்கு நேர்ந்ததை அறிந்தோர் குறைவு. 1962 ஜூலை 7ஆம் நாள் ரங்கூன் பல்கலைக்கழக மாணவர்கள் சுடப்பட்டார்கள். மறுநாள் அதிகாலையில், விடுதலைப் போராட்டக் காலம் முதல் மாணவர்கள் கூடிப் பேசிய சங்கக் கட்டடமே வெடி வைத்துத் தகர்க்கப்பட்டது. 1988 ஆகஸ்ட் 8ஆம் நாள் நாடெங்கும் எழுந்த மக்கள் எழுச்சியும் குருதியில் முடிந்தது. அவ்வாண்டு செப்டம்பர் 18ஆம் நாள் படையினர் புதிய பெயரில் ஆட்சியைத் தொடர்ந்தனர். 1990 மே 27ஆம் நாள் அவர்களே நடத்திய தேர்தலில், 485 இடங்களில் 392 இடங்களை ஆங் சான் சூச்சியின் தேசிய ஜனநாயகக் கட்சி வென்றது. வென்றவர்களுக்கு ஆட்சி கொடுக்கப்படவில்லை. அவர்களில் பலருக்குக் கிடைத்தது சிறைதான்.

அந்தச் சிறைகளில் பெயர் பெற்றது ரங்கூனை அடுத்த இன்செயின் சிறை. ஆங்கிலேயர் 1887இல் கட்டியது. நடுவில் ஒரு கோபுரம். அதிலிருந்து சக்கரத்தின் ஆரங்களைப் போல் விரியும் கட்டடங்கள். ஒருவன் நின்று அனைவரையும் கண்காணிக்கும் அமைப்பு. அயலவன் அடிமைகளுக்காக எழுப்பிய அக்கட்டடத்தையும், அவன் எழுதி வைத்துச் சென்ற சட்டங்களையும் விடுதலை பெற்ற நாட்டின் தளபதிகள் அப்படியே எடுத்துக்கொண்டார்கள். 1908ஆம் ஆண்டின் சட்டவிரோதச் சங்கங்கள் சட்டம், நூறாண்டு கடந்தும் பர்மியர் மீதே ஏவப்பட்டது. கொடியை மாற்றுவது எளிது. சிறையின் இயல்பை மாற்றுவது அத்தனை எளிதன்று போலும்!

உள்ளே நடந்தவற்றைச் சிறையிலிருந்து மீண்டவர்களே பிற்காலத்தில் பதிவு செய்திருக்கிறார்கள். அதிகாரி வரும்போதெல்லாம் கைதி சம்மணமிட்டு, முழங்கால்களில் கைவைத்து, தலை கவிழ்ந்து அமர வேண்டும். ‘பொன்ஸான்’ என்று அதற்குப் பெயர். விசாரணையில் உறக்கம் பறிக்கப்படும். மணிக்கணக்கில் ஒரே நிலையில் நிற்க வைக்கப்படுவர். மாணவர் தலைவர் மின் கோ நாயிங் 1989 மார்ச்சில் கைதானபோது, மயங்கி விழும் வரை நாட்கணக்கில் தண்ணீரில் நிற்க வைக்கப்பட்டார். அவருடைய இடது கால் உணர்விழந்து போனது. 2004 நவம்பர் வரை சிறையில் இருந்த அவர், அதில் பல ஆண்டுகளைத் தனிமைச் சிறையில் கழித்தார். கைதிகளை நடத்துவதற்கென ஐக்கிய நாடுகள் மன்றம் 2015இல் ஏற்றுக்கொண்ட விதிகள், தொடர்ந்து 15 நாட்களுக்கு மேல் ஒருவரைத் தனிமையில் அடைப்பதைத் தடை செய்கின்றன. பதினைந்து நாளே மனித மனத்தின் எல்லை என்று உலகம் கருதும்போது, ஆண்டுக்கணக்கான தனிமைக்கு நாம் என்ன பெயர் சூட்டுவது?

கொடுமை கைதியோடு நிற்பதுமில்லை. ரங்கூன்வாசியைத் தொலைதூரத்து அக்கியாபுக்கோ மிச்சினாவுக்கோ மாற்றிவிட்டால், ஒருமுறை கண்டுவர அவர் வீட்டார் நாட்கணக்கில் பயணம் செய்ய வேண்டும். 2008 மே மாதத்து நர்கிஸ் புயலில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அப்போது அரசுக்குக் காத்திராமல் மக்களுக்கு உதவி திரட்டிச் சென்றவர் நகைச்சுவைக் கலைஞர் சார்கனார். வெளிநாட்டுச் செய்தியாளர்களிடம் நிலைமையைச் சொன்னார் என்பதற்காக அவருக்கு 59 ஆண்டுச் சிறை விதிக்கப்பட்டது. பின்னர் அது 35 ஆண்டாகக் குறைக்கப்பட்டது. அவரை அனுப்பிய இடம் வடகோடியில் உள்ள மிச்சினா. ஓர் ஆயுட்காலத்தை விஞ்சும் தண்டனை, கைதியின் தாய்க்கும் மனைவிக்கும் சேர்த்து எழுதப்பட்ட தண்டனையன்றோ?

இனி, நாம் தொடக்கத்தில் எழுப்பிய கேள்விக்கு வருவோம். வின் டின் என்றொரு பத்திரிகையாளர் இருந்தார். மாந்தளையில் ‘ஹந்தாவடி’ நாளிதழை நடத்தியவர். அந்த இதழ் 1978இல் மூடப்பட்டது. 1989 ஜூலை 4ஆம் நாள் அவர் கைது செய்யப்பட்டார். முதலில் மூன்றாண்டு, பிறகு அதன்மேல் ஒரு தண்டனை, பிறகு இன்னொன்று. மூன்றாம் தண்டனைக்குக் காரணம் என்ன தெரியுமா? சிறையின் நிலைமையைப் பற்றி ஐக்கிய நாடுகள் மன்றத்துக்கு அறிக்கை எழுதியனுப்பியதுதான்! அதற்காக அவரை இராணுவ நாய்களுக்கென அமைத்த கூண்டில், படுக்கையும் இன்றி அடைத்தார்கள். எழுதுவதற்குத் தாள் மறுக்கப்பட்ட அவர், செங்கல்லைப் பொடித்து நீரில் குழைத்து மையாக்கிச் சுவரில் எழுதினார். அரசியலைத் துறப்பதாகக் கையொப்பமிட்டால் வெளியே போகலாம் என்ற வாய்ப்பு அவர் முன் வைக்கப்பட்டது. அவர் மறுத்தார். 2008 செப்டம்பர் 23ஆம் நாள் அவர் வெளியே வந்தபோது பத்தொன்பது ஆண்டுகள் கழிந்திருந்தன. அவருக்கு வயது எழுபத்தெட்டு.

அந்தக் கையெழுத்து அரசுக்கு எதற்கு? அடைபட்டவனின் ஒப்புதல் சான்றாகாது என்பதை அதைக் கேட்பவனே அறிவான். சிந்தித்துப் பார்த்தால் விடை புலனாகிறது. துப்பாக்கி கீழ்ப்படிதலைப் பெற்றுத் தரும். உரிமையைப் பெற்றுத் தராது. வலிமையால் அமர்ந்தவன் தான் அமர்ந்தது நியாயமே என்று யாரேனும் சொல்லக் கேட்க விரும்புகிறான். தன்னிடம் ஊதியம் பெறுவோர் சொல்வதில் அவனுக்கு நிறைவில்லை. மறுத்தவன் வாயால் அது வர வேண்டும். மேலும், அந்தத் தாள் கைதிக்காக எழுதப்படுவதன்று. வெளியே இருக்கும் மக்களுக்காக எழுதப்படுவது. ‘அவரே பணிந்துவிட்டார், நீ யார்?’ என்று கடைத்தெருவில் நிற்பவனைக் கேட்பதற்காகத் தயாரிக்கப்படும் தாள் அது. சூச்சியின் முன்னும் வேறு வடிவில் அதே தாள்தான் நீட்டப்பட்டது. அவர் நாட்டை விட்டு வெளியேறத் தடை ஏதுமில்லை; ஆனால் வெளியேறினால் திரும்ப முடியாது. இங்கிலாந்தில் நோயுற்றிருந்த கணவர் மைக்கேல் ஆரிஸ், மனைவியைக் காண வரக் கேட்ட அனுமதி மறுக்கப்பட்டு, 1999 மார்ச்சில் மறைந்தார். திறந்திருக்கும் கதவு ஒன்றைக் காட்டிச் சித்திரவதை செய்யவும் மனிதனால் முடிகிறது!

அப்படியாயின் கையொப்பமிடாமல் இருப்பது கடமையா? இங்கே நாம் நிதானிக்க வேண்டும். வின் டின்னின் மறுப்பை வியக்கிறோம். ஆனால் அதை அளவுகோலாக்கி மற்றவர்களை அளக்கும் உரிமை நமக்கு இல்லை. நோயுற்ற பிள்ளையை எண்ணி, வயது முதிர்ந்த தாயை எண்ணி, உடல் இனித் தாங்காது என்று உணர்ந்து கையொப்பமிட்டவர்களும் இருந்திருப்பார்கள். அவர்கள் கையில் எழுதுகோலைத் திணித்தவன் மீதே அந்த எழுத்தின் பாவம் சாரும். தியாகம் என்பது ஒருவர் தம்மிடமிருந்து தாமே கேட்டுப் பெறுவது. பிறரிடம் நாம் கேட்கும்போது அது வேறொரு வகைக் கொடுமையாகிவிடும். வெளியே இருப்பவர் மீது உள்ள கடமை எளியது: அந்தத் தாளை நம்ப மறுப்பது. அச்சத்தால் பெறப்பட்ட சொல்லுக்கு மதிப்பில்லை என்று நாம் அனைவரும் கொள்வோமானால், அதைப் பெறுவதற்காகச் செய்யப்படும் கொடுமைக்கும் பயனில்லாது போகும்.

ஆட்சியாளர் தரப்பு வாதத்தையும் கேட்பதே முறை. பர்மா பல இனங்களின் நாடு. விடுதலை பெற்ற நாள் முதல் உள்நாட்டுப் போர்கள் ஓயாத நாடு. உறுதியான கை தளர்ந்தால் நாடு சிதறும் என்பார்கள். வாதத்துக்காக இதை ஒப்புக்கொண்டாலும், கலகத்தை அடக்க ஒருவரைத் தடுத்து வைக்க வேண்டியிருக்கலாம் என்ற அளவில்தான் அது நிற்கும்; நாய்க்கூண்டு வரை அது நீளாது. சிறையின் நிலைமையை எழுதியதற்குக் கூடுதல் தண்டனை என்றால், அங்கே காக்கப்படுவது நாட்டின் ஒற்றுமையா, சிறையின் இரகசியமா? நார்வே முதலிய நாடுகளின் கௌரவத் தூதராயிருந்த லியோ நிக்கல்ஸ், அனுமதியின்றித் தொலைநகல் கருவி வைத்திருந்தார் என்று மூன்றாண்டு தண்டிக்கப்பட்டு, 1996 ஜூனில் சிறைக் காவலிலேயே இறந்தார். ஒரு தொலைநகல் கருவியால் சிதறிவிடும் நாடு எதுவும் உலகில் இல்லை. கண்டவற்றை வெளியே சொல்லாமல் அரசுகளிடமே எடுத்துரைப்பதை மரபாகக் கொண்ட செஞ்சிலுவைச் சங்கத்தின் பன்னாட்டுக் குழுகூட, 2007 ஜூனில் அந்த மரபை மீறி, கைதிகளைப் படையினரின் சுமைகூலிகளாக்கியது முதலான கொடுமைகளை வெளிப்படையாகக் கண்டித்தது. மௌனத்தைத் தொழில் நெறியாகக் கொண்டவர்களே பேச நேர்ந்தது என்றால், நிலைமையை நாம் ஊகித்துக்கொள்ளலாம்.

இதனினும் கடினமான மறுப்பு நம்மவரிடமிருந்தே எழுகிறது. 2017 ஆகஸ்ட் முதல் ஏழு லட்சத்துக்கும் மேற்பட்ட ரோஹிங்கிய முஸ்லிம்கள் ஊர்கள் எரிய வங்காளதேசத்துக்கு ஓடினார்கள். 2019 டிசம்பரில் ஹேக் நகரின் அனைத்துலக நீதிமன்றத்தில், தம்மை ஆண்டுக்கணக்கில் சிறை வைத்த அதே இராணுவத்தின் சார்பில் நின்று வாதாடியவர் ஆங் சான் சூச்சி. 2021 பிப்ரவரி 1ஆம் நாள் படையினர் மீண்டும் ஆட்சியைப் பறித்து அவரைச் சிறையிட்டபோது, ‘தகுந்த தண்டனைதான்’ என்று நம்மில் சிலர் எண்ணியதுண்டு. அந்த எண்ணத்தின் பின்னே உள்ள வேதனையை நாம் குறைத்து மதிப்பிடவில்லை. ஹேக் நகரில் அவர் பேசியது பிழை, பெரும்பிழை. எனினும் அது ‘தகுந்த தண்டனை’ என்ற முடிவை நாம் ஏற்பதற்கில்லை.

முதலாவது, அவர் தண்டிக்கப்பட்டது ரோஹிங்கியருக்கு இழைத்த அநீதிக்காகவன்று. அனுமதியின்றி வானொலிக் கருவிகளை இறக்குமதி செய்தார் என்பன போன்ற குற்றச்சாட்டுகள் அடுக்கப்பட்டு, மொத்தம் 33 ஆண்டுச் சிறை விதிக்கப்பட்டு, 2023இல் 27 ஆண்டாகக் குறைக்கப்பட்டது. சிறையிட்ட மின் ஆங் லாயிங்கோ, 2017இல் ரோஹிங்கியர் மீது ஏவப்பட்ட அதே படையின் அப்போதைய தலைமைத் தளபதி. கொன்றவன், கொலைக்கு வாதாடியவரை வேறொரு காரணத்துக்காக அடைத்து வைப்பதில் மாண்டவருக்கு என்ன நீதி கிடைத்துவிடும்? அவர் பதில் சொல்ல வேண்டியிருந்தால், திறந்த நீதிமன்றத்தில், கேள்வி கேட்பவர் முன் சொல்ல வேண்டும். பூட்டிய அறை அந்தப் பதிலையும் சேர்த்தே பூட்டிவிடுகிறது.

இரண்டாவது, அடிப்படையானது. கைதிக்குரிய உரிமை அவருடைய நற்குணத்துக்குக் கிடைக்கும் கூலி என்று வைத்துக்கொண்டால், யார் தகுதியுடையவர் என்று முடிவு செய்ய ஒருவர் தேவைப்படுவார். அந்த இருக்கையில் தளபதிதான் முதலில் வந்து அமர்வார். 1982ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் ரோஹிங்கியரை நாடற்றவராக்கியது இவ்வகைத் தரம் பிரிப்பால்தான். இவர்கள் உரிமைக்குத் தகுதியுடையோர், இவர்கள் அல்லர் என்று கோடு கிழிக்கும் அதிகாரத்தை நாம் ஓரிடத்தில் ஏற்றுக்கொண்டால், ரோஹிங்கியருக்காகப் பேசும்போது நம் காலடியில் நிலம் இராது. இராணுவத்தை எதிர்த்து உருவான நிழல் அரசு, அச்சட்டத்தை மாற்றுவதாக 2021 ஜூனில் அறிவித்தது. தம்மையே துப்பாக்கி குறிபார்த்த பிறகு, முன்பு யாரைக் குறிபார்த்தது என்பது பலருக்கு விளங்கியது. காலம் கடந்த அறிவுதான். ஆயினும் அது அறிவே.

மேலும், அந்தச் சிறைகளில் மடிந்தோரில் நம்மவரும் உண்டு. மவுங் தோ கா என்ற புனைபெயரில் எழுதிய எழுத்தாளர் பா தோ ஒரு முஸ்லிம், கடற்படை அதிகாரியாயிருந்தவர். 1956இல் கப்பல் மூழ்கிப் பன்னிரண்டு நாள் மிதவையில் தத்தளித்து, உடனிருந்தோர் பலர் கண்ணெதிரே மாள, ஒரு ஜப்பானியக் கப்பலால் மீட்கப்பட்டவர். இராணுவத்தில் பிளவு உண்டாக்க முயன்றார் என்று 1989இல் இராணுவ நீதிமன்றம் அவருக்கு 20 ஆண்டு விதித்தது. தசைகள் தளர்ந்து நலியும் நோயோடு இருந்த அவர் 1991 ஜூனில் காவலிலேயே மறைந்தார். கடல் விட்டு வைத்தவரைச் சிறை விட்டு வைக்கவில்லை. அடுத்து, நம் முன்னோர் கடை வைத்து வாழ்ந்த ரங்கூன் நடுப்பகுதியைச் சேர்ந்த பபேடானில், சூச்சி கட்சியின் வட்டத் தலைவராயிருந்த கின் மவுங் லட் என்ற முஸ்லிம் 2021 மார்ச் 6ஆம் நாள் இரவு வீட்டிலிருந்து இழுத்துச் செல்லப்பட்டார். உடலை வந்து பெற்றுக்கொள்ளுமாறு மறுநாள் காலை குடும்பத்துக்குச் செய்தி வந்தது. அன்றே அவருடைய ஜனாஸா தொழுகை நடந்தது.

அவர் குடும்பத்துக்கு உடலாவது கிடைத்தது. 2022 ஜூலை 25ஆம் நாள் நால்வர் தூக்கிலிடப்பட்ட செய்தியை அரசு வெளியிட்டது. அவர்களில் முன்னாள் நாடாளுமன்ற உறுப்பினரும் பாடகருமான ஃப்யோ ஸேயா தோவும், 1988 எழுச்சியின் மாணவர் தலைவர்களுள் ஒருவரான க்யோ மின் யூவும் இருந்தனர். அவர்கள் உடல்கள் வீட்டாரிடம் ஒப்படைக்கப்படவில்லை. இதைக் கேட்கும்போது ரங்கூனின் வேறொரு கைதி நம் நினைவுக்கு வருகிறார். தாளும் மையும் மறுக்கப்பட்டு அந்நகரில் சிறையிருந்த கடைசி முகலாயப் பேரரசர் பகதூர் ஷா ஸஃபர், 1862 நவம்பர் 7ஆம் நாள் காலமானார். அன்றே அவரை அடக்கிய ஆங்கிலேயர், கபுரின் மேல் மண்ணைச் சமப்படுத்திப் புல் பதித்தனர். இடம் அடையாளமற்றுப் போக வேண்டும் என்பதே அவர்கள் திட்டம். 1991இல் அங்கே மண் தோண்டியபோது அந்தக் கபுர் வெளிப்பட்டது. இன்று அங்கே மக்கள் சென்று ஸியாரத் செய்கிறார்கள். உயிரோடிருந்தபோது எழுத்துக்கு அஞ்சியவர்கள், இறந்தபின் கல்லறைக்கு அஞ்சினார்கள். ஆண்டவர்கள் மாறினார்கள், அச்சம் மாறவில்லை.

ஆக, நாம் பட்டிருக்கும் கடன் யாது? நம்மால் இன்செயினின் கதவுகளைத் திறக்க இயலாது. ஆனால் அந்த ஆட்சி விரும்பும் மூன்றை நாம் தர மறுக்கலாம். மிரட்டிப் பெற்ற கையெழுத்தை ஒப்புதல் என நம்ப மறுக்கலாம். அடைபட்டவர் நல்லவரா, நம்மவரா என்று பார்த்துப் பரிவை அளந்து கொடுக்க மறுக்கலாம். புல் பதித்து மறைக்கப்படும் பெயர்களை மறக்க மறுக்கலாம். 2000ஆம் ஆண்டில், சிறை மீண்ட பர்மியர் சிலர் தாய்லாந்து எல்லையில் கூடி, கைதானவர் ஒவ்வொருவரின் பெயரையும் குறித்து வைக்கும் சங்கம் ஒன்றை நிறுவினார்கள். 2021 முதல் 2024 வரையில் அவர்கள் ஏட்டில் ஏறிய கைதிகள் 20,000க்கும் மேல். பெயர் எழுதி வைப்பது சிறு செயல்தான். பெயரை அழிப்பதற்கு ஓர் அரசு எவ்வளவு பாடுபடுகிறது என்று கண்ட பிறகு, அதைச் சிறிதென்று சொல்ல நமக்கு மனம் வரவில்லை.

வின் டின் விடுதலையாகும்போது தம் நீலநிறச் சிறைச் சட்டையைத் திருப்பித் தர மறுத்தார். கடைசி அரசியல் கைதி வெளியே வரும் வரை தாமும் கைதியே என்று சொல்லி, அன்று முதல் நீலச் சட்டையே அணிந்தார். 2014 ஏப்ரல் 21ஆம் நாள் அவர் மறைந்தபோது, இறுதி ஊர்வலத்தில் வந்த மக்களும் நீலமே உடுத்தியிருந்தார்கள். அவர் சொன்ன அந்தக் கடைசிக் கைதி அன்றைக்கும் வெளியே வந்திருக்கவில்லை.